சட்டிக்குள் விரால்

அத்தியாயம் ஒன்பது

"அப்பா, நாலுதான் இருக்கு."

இன்பராணி கண்ணாடித் தொட்டியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் பல் துலக்கவில்லை. கட்டை விரலை மடக்கி, மற்ற நான்கையும் விரித்துத் தகப்பனிடம் காட்டினாள்.

"நல்லா எண்ணிப் பாரு. செடிக்குப் பின்னால நிக்கும்."

"மூணு தடவ எண்ணிட்டேன். நேத்து அஞ்சு. அங்கம்மாக்கா போன அன்னைக்கு ஆறு."

தோமஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை, ஜொகூரில் வார விடுமுறை. அலுவலகம் இல்லை. அவசரமில்லாத அந்தப் பொத்தானை மிகவும் கவனமாகப் போட்டான்.

"அப்பா."

"என்னம்மா?"

"அங்கம்மாக்காதான் போயிட்டாங்களே. இப்ப யாரு மீனை எடுத்து விக்கிறாங்க?"

ஏழு வயதுப் பெண் கேட்ட கேள்வி. நில அலுவலகத்தில் ஆறு வருஷமாகக் கிராணியாக ஏடு எழுதுபவன் மேல்பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டான்.

"போய்ப் பல்லைத் துலக்கு" என்றான்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது அந்தத் தெருவுக்கே தெரியும். தோமஸின் மனைவி கெர்ட்ரூட் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய அக்கா பியாட்ரிஸ் ஜொகூர் பாருவிலிருந்து பத்து பாகாட் ஊருக்கு வந்திறங்கியதும் முதல் வேலையாகத் தங்கை ஆசையாக வளர்த்த மீன்களை எண்ணினாள். பதினாலு இருந்த இடத்தில் ஆறு. செத்த மீன் என்றால் மிதக்க வேண்டும். ஒன்றுகூட மிதந்து யாரும் பார்க்கவில்லை. மீனுக்கு இறக்கையா முளைத்தது? பாசார் முனையில் ஒரு சீனர் ஜாடிகளில் வண்ண மீன் விற்கிறார். அந்தக் கடை வாசலில் வீட்டு வேலைக்காரி அங்கம்மா இரண்டு முறை நின்றதைப் பக்கத்து வீட்டு ராஜம்மா பார்த்திருந்தாள். வேறென்ன வேண்டும்?

வீட்டு வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் நாலு பேர் பார்க்க, அங்கம்மா தன் துணி மூட்டையைத் தானே அவிழ்த்துக் காட்டினாள். இரண்டு புடவை. ஒரு சீப்பு. தைப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த இன்பராணியின் கிழிந்த கவுன். அவ்வளவுதான்.

"வித்ததெல்லாம் தின்னாச்சு போல" என்றாள் பியாட்ரிஸ்.

தோமஸ் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான்.

அங்கம்மா போன பிறகு வீட்டில் பெண் துணை இல்லை. தாயில்லாப் பெண்ணைத் தனி ஆணால் எப்படி வளர்க்க முடியும் என்றாள் பியாட்ரிஸ். கான்வெண்ட் விடுதியில் சேர்த்துவிடலாம், தன் வீடும் பக்கத்தில்தான் என்றாள். தோமஸ் சரி என்றான். அடுத்த வெள்ளி வந்து சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிப் போவதாகப் பேச்சு. நேற்று மாலை ஒரு தகரப் பெட்டி வந்தது. அதன் மூடியில் இன்பராணியின் பெயரை வெள்ளைச் சாயத்தில் அவனே எழுதினான்.

"லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போறே" என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

"லீவுக்கு எதுக்குப்பா பெட்டி?"

"உடுப்பு வைக்க."

அதையும் அவள் நம்பினாள். அவன் சொன்னதையெல்லாம் அவள் இதுவரை நம்பியே வந்திருக்கிறாள்.

* * *

தொட்டி கெர்ட்ரூடின் ஆசை. எதிர்ப்புறச் சீனத் தகரக்காரரிடம் சட்டம் அடித்து வாங்கி, நாலு பக்கமும் கண்ணாடி பதிக்கச் செய்து, திரு இருதயப் படத்துக்குக் கீழே மேசை போட்டு வைத்தாள். பாரிட் வாய்க்காலிலிருந்து பிடித்த செப்பாட், புள்ளிக் கெண்டை, உள்ளெலும்பு தெரியும் கண்ணாடி மீன், எல்லாம் ஒரே தொட்டியில். ஒன்றையொன்று கடிக்காமல் பதினாலு மீனை ஒரு குடும்பமாக வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு விதி உண்டு. "வாயளவு பாத்துத்தான் சேக்கணும். இதோட வாய்க்குள்ள அது நுழையும்னா, ரெண்டையும் ஒரு வீட்டுல வைக்கக் கூடாது."

சண்டை மீனை அவள் ஒருநாளும் தொட்டியில் விட்டதில்லை. அதற்கு ஜாம் போத்தலில் தனி வாசம். "அது சாமியார் மாதிரி. தனியா இருந்தாத்தான் நல்லது."

"அப்ப உங்க அக்காவை எந்தப் போத்தல்ல வைக்கிறது?" என்று தோமஸ் ஒருமுறை கேட்டான். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சின்ன வலை தண்ணீருக்குள் விழுந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் புண் ஆற விரால் சாறு கொடுக்க வேண்டும். அருவான் என்று பெயர் சொல்லி மலாய்க்காரர்களும் அதையேதான் சொல்வார்கள். கெர்ட்ரூட் மறுபடி பிள்ளை பெற்றபோது தோமஸ் பாசாருக்குப் போய் உயிரோடு இரண்டு விரால் வாங்கினான். மீன்காரி கொசுறாக விரல் நீளத்தில் ஒரு குஞ்சையும் வாளியில் போட்டாள். பெரிய இரண்டையும் அங்கம்மா சாறு வைத்தாள். கெர்ட்ரூட் இரண்டு வாய் குடித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை. பிள்ளை அதற்கு முன்பே போயிருந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போன பிறகு, அடுப்படி மூலையில் சாடிக்குள் ஏதோ சளப்பென்றது. மூடியைத் திறந்தான். யாரோ வாளியிலிருந்து மாற்றி விட்ட கொசுறு மீன். அத்தனை நாளும் அதற்கு ஒரு பருக்கை போட்டவர் இல்லை. உயிரோடுதான் இருந்தது.

கொல்லக் கை வரவில்லை. வெளியே கொட்டவும் மனம் வரவில்லை. சாடியோடு தூக்கிப்போய்த் தொட்டியில் கவிழ்த்தான். வாயளவு பார்க்கவில்லை.

தொட்டிக்குள் வாய் உடைந்த மண்சட்டி ஒன்று படுத்திருந்தது. விரால் அதற்குள் புகுந்துகொண்டது. வளர்ந்தது. இப்போது ஒரு சாணுக்கு மேல் இருக்கும். பகலெல்லாம் இருட்டுக்குள் அசையாமல் கிடக்கும். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு போகும்.

நான்கு மாதத்துக்கு முன், ஒரு விடியலில், அதன் வாயிலிருந்து ஒரு வெள்ளி வால் துடிப்பதை அவன் கண்ணாலேயே பார்த்தான்.

அன்றே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வயிறு நிறைந்தால் மற்றதை விட்டுவிடும் என்று இறாலும் மண்புழுவும் கரப்பானும் போட்டான். தின்றது. வளர்ந்தது. மற்றதையும் தின்றது. இன்பராணியின் பழைய சிலேட்டைக் குறுக்கே செருகித் தொட்டியை இரண்டு அறையாக்கினான். மறுநாள் காலை அது அடுத்த அறையில் கிடந்தது. ஒரு செப்பாட் குறைந்திருந்தது. கடைசியில், சட்டி வெளியே தெரியாதபடி அதன் முன்னால் நீர்ச்செடியை அடர்த்தியாக நட்டு வைத்தான்.

"அந்தச் சட்டி மீன் என்னப்பா சாப்பிடும்?" என்று மகள் கேட்டாள்.

"பாசி" என்றான்.

ஆகவே போன வெள்ளி வாசல் நிலையில் சாய்ந்து நின்றவன் தெரியாமல் நிற்கவில்லை. எல்லாம் தெரிந்தே நின்றான்.

* * *

இன்பராணியை ராஜம்மா வீட்டில் விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தான். பியாட்ரிஸின் பஸ் இரண்டு மணிக்கு. அதற்குள் அங்கம்மாவைக் கூட்டி வந்துவிட்டால் போதும். வேலைக்கு ஆள் வேண்டும், நடந்தது நடந்துவிட்டது, வா என்று சொல்லலாம். அவள் மறுபடி அடுப்படியில் நின்றாள் என்றால் பெட்டிக்கும் வேலையில்லை, கான்வெண்டுக்கும் வேலையில்லை. விராலைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வழி நெடுக இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நாலு மைல். சிவப்பு மண் சடக்குப் பாதையில் நேற்றைய மழைச் சேறு.

அங்கம்மா ரப்பர் தோட்டத்தில் தங்கை கருப்பாயியின் லயத்து வீட்டில் இருந்தாள். தோட்டத்தில் புல் வெட்டப் போகிறாளாம். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தவள், சைக்கிளைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாற்பதைத் தாண்டிய கட்டுமஸ்தான பெண். ஏழு நாளில் கறுத்திருந்தாள்.

"பாப்பா நல்லாருக்கா ஐயா?"

"இருக்கா."

"சளி விட்டுச்சா? ராவுல மார்ல தைலம் தேச்சு விடணும்."

அவன் தேய்த்துவிடவில்லை. "ம்" என்றான்.

கருப்பாயி கதவு மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பால் வெட்டி முடித்தவர்கள் வாளியோடு போகிற போக்கில் கிராணியை ஏற இறங்கப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டைக்கு லயத்தில் என்ன வேலை?

"அங்கம்மா, வீட்டுக்கு வா. நடந்தது நடந்துபோச்சு. யாரும் எதையும் மனசுல வச்சுக்க வேண்டாம்."

"யாரு வச்சுக்க வேணாம்?"

அவன் சைக்கிள் மணியைத் துடைத்தான்.

"இப்ப எத்தன இருக்குங்க ஐயா?" என்றாள் அங்கம்மா.

"எது?"

"மீனுதான்."

"நாலு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆச்சரியப்படவே இல்லை. "பெரிய செப்பாட்டு ரெண்டு இருக்கும். அது வாய்க்குள்ள இன்னும் போகாது. புள்ளிக் கெண்டைய இந்த வாரத்துல முடிச்சிரும்."

தோமஸ் மணியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னா ஐயா இப்பிடிக் கேக்குறீங்க? நான் காட்டுல பொறந்து பாரிட்டுல விராலு புடிச்சு வளந்தவ. அது பாசி திங்குதுன்னு பாப்பாகிட்ட நீங்க சொன்னப்ப, அடுப்படில நின்னு சிரிப்ப அடக்கிக்கிட்டேன்."

கதவு மறைவில் கருப்பாயி களுக்கென்றாள். அங்கம்மா சிரிக்கவில்லை.

"அப்புறம் ஏன் அன்னைக்குச் சொல்லலை? மூட்டையை அவுக்கச் சொன்னப்ப, ஒரு வார்த்தை…"

"நீங்க சாடியக் கொண்டுபோயி தொட்டில கவுத்தப்ப நான் அடுப்படியக் கூட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க என்னையப் பாக்கல." அவள் குழாயை மூடினாள். "அம்மாவுக்கு வாங்குன மீனு. அவுங்க குடிச்சது போக மிஞ்சுனது. நீங்க அத வச்சிருக்குறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நாலு பேரு நடுவுல, ராஜம்மா எட்டிப் பாக்குற எடத்துல, அத எப்பிடி ஐயா நான் சொல்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு நின்னேன். ஒவ்வொரு முடிச்சா மெதுவாத்தான் அவுத்தேன்."

தோமஸ் அந்த முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். மூன்று முடிச்சு. இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் மிச்சமில்லை.

"தப்பு என்மேலதான். வாங்க" என்றான். வாங்க என்று அவளை அவன் அழைத்தது அதுவே முதல் தடவை. இருவருக்கும் அது தெரிந்தது.

"எனக்கு மருவாத வேணாம் ஐயா. மூட்டைய எங்க அவுத்தனோ அங்க நின்னு சொல்லுங்க. நான் அங்க இருக்கணும்னுகூட இல்ல. கேட்டவுங்க இருந்தாப் போதும்."

"சொன்னா வருவீங்களா?"

"வருவேன்னு சொல்லல. மொதல்ல சொல்லுங்க."

உள்ளே போய் ஒரு கவுனை எடுத்து வந்தாள். கிழிசல் தெரியாமல் தைத்து, மடித்து வைத்திருந்தது. "பாப்பாகிட்ட குடுத்துருங்க."

அவன் சைக்கிளைத் திருப்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வலை போட்டு அலசாதீங்க, மத்த மீனு பயந்து செத்துரும். பொழுது சாய மேல மூச்சு வாங்க வரும். அப்ப ஈரச் சாக்கப் போட்டு அமுக்கித் தூக்குங்க. சாடில தனியா விட்டு, மூடி மேல கல்லு வைங்க. ஐயா, அது கெட்ட மீனு இல்ல. அதுக்குப் பசி. கொண்டுபோயி கூட வச்சது நாமதான்."

நீங்கதான் என்று அவள் சொல்லியிருக்கலாம்.

* * *

பியாட்ரிஸ் இரண்டு மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. தெரிந்தவர் மோட்டார் காரில் முன்னதாகவே வந்து, ராஜம்மா வீட்டிலிருந்து இன்பராணியையும் கூட்டி வந்துவிட்டாள். தோமஸ் சைக்கிளை அஞ்சடியில் சாய்க்கும்போதே அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"அலமாக்! வழுக்குறதப் பாரேன். இன்பா, அந்தச் சாம்பலக் கொஞ்சம் கொண்டா."

உள்ளே ஓடினான்.

செடிகள் பிடுங்கித் தரையில் கிடந்தன. தொட்டி கலங்கியிருந்தது. அடுப்படியில் பித்தளைத் தட்டத்தில் ஈரச் சாக்கு. சாக்குக்குள் விரால் புரண்டது. பியாட்ரிஸ் சேலையை வரிந்து கட்டி, அரிவாள்மணையை விரித்து உட்கார்ந்திருந்தாள். இன்பராணி சாம்பல் சிரட்டையோடு நின்றாள்.

"வாங்க தம்பி. நல்ல ஆளு நீங்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கறி ஆகாம மீனு மட்டும் சாப்புடுற நாள்ல, வீட்டுக்குள்ள இம்மாம் பெரிய விரால வச்சிருக்கீங்க, நான் கருவாடு வாங்கலாமான்னு பாசார் பூரா யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

"அக்கா, அத விடுங்க."

"விடவா? கையெல்லாம் சவ்வு. புடிச்சவளுக்குத்தான் தெரியும்."

"வெட்டாதீங்க."

பியாட்ரிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கெட்டிக்காரி. கணவனை இழந்து பன்னிரண்டு வருஷம் தையல் மிஷினோடு தனியாகக் காலம் தள்ளியவள். ஒரு துணியை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் எங்கே ஒட்டுப் போட்டது என்று சொல்லிவிடுவாள். மீனைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். சாம்பலை உதறிக்கொண்டாள்.

"தம்பி, இது எப்பருந்து இங்க இருக்கு?"

பொய் தயாராக நாக்கில் வந்து நின்றது. நேத்துத்தான் வந்தது. யாரோ கொடுத்தாங்க. இரண்டே வார்த்தை. விராலை வெட்டிக் குழம்பு வைத்துவிட்டால் எல்லாம் வயிற்றோடு போய்விடும். பியாட்ரிஸும் அதற்குமேல் கேட்கமாட்டாள்.

இன்பராணி சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். என்ன சொன்னாலும் நம்புவதற்காகக் காத்திருக்கும் முகம்.

"வெளிய வாங்கக்கா. நீயும் வாம்மா" என்றான் தோமஸ்.

அஞ்சடியில், மூட்டை அவிழ்ந்த இடத்தில் போய் நின்றான். ராஜம்மா அவள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்புறம் தகரக்காரர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"ராஜம்மாக்கா" என்று கூப்பிட்டான். முறத்தின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டான்.

"என்னாங்க கிராணியாரே?"

"மீனை அங்கம்மா எடுக்கல."

"எந்த மீன?"

"போன வாரம் காணாமப் போன மீனு. அவங்க எடுக்கல. விக்கல. நான் ஒரு விரால தொட்டில விட்டு வச்சிருந்தேன். அதுதான் ஒண்ணொண்ணாத் தின்னுச்சு. எனக்கு முன்னாலயே தெரியும். அன்னைக்கு அவங்க மூட்டைய அவுத்தப்பவும் தெரியும். தெரிஞ்சே நின்னேன்."

முறம் நின்றது. தகரத் தட்டலும் நின்றது. தகரக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஒரு மனிதன் தெருவில் நின்று தலை குனிவதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வேண்டியதில்லை.

"ஐயையோ" என்றாள் ராஜம்மா. பிறகு மெதுவாக, "சீனங்கடை வாசல்ல பாத்தேன்னு நாந்தான சொன்னேன். வேடிக்கை பாக்க நின்னாளோ என்னவோ… நாளைக்கு எங்க வீட்டுக்காரரு தோட்டத்துப் பக்கம் போறாரு. சொல்லி விடுறேன்" என்றாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பாதி திறந்தே விட்டாள்.

* * *

பியாட்ரிஸ் அடுப்படிக்குத் திரும்பி வந்து அரிவாள்மணையை மடக்கினாள்.

"ஏன் வச்சிருந்தீங்க அத?"

"கெர்ட்ரூடுக்குச் சாறு வைக்க வாங்கினப்ப வந்தது. கொசுறு."

அவள் கை சாக்கின்மேல் அப்படியே நின்றது. அடியில் மீனின் செவுள் ஏறி இறங்குவது தெரிந்தது.

சாக்கின் ஓரத்தை இழுத்து மூடினாள். பிறகு எழுந்து, சாடியை இழுத்து, தண்ணீர் ஊற்றி, விராலை அவளே அதற்குள் விட்டாள். மூடியை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

"மூட்டைய அவுன்னு சொன்னது நான்" என்றாள், குழவியைப் பார்த்துக்கொண்டே. "அந்தப் பொம்பள என் தங்கச்சிக்குக் கடைசியா ஒடம்பு தொடச்சு விட்டவ. அவளத் தெருவுல நிக்கவச்சு அவுக்கச் சொன்னேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. தம்பி, என் வாயையும் சேத்துல்ல அழுக்காக்கிட்டீங்க."

அவன் சிந்திக் கிடந்த சாம்பலைக் கையால் கூட்டி அள்ளினான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

கூடத்தில் இன்பராணி தைத்த கவுனை மடியில் விரித்து, கிழிசல் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தொட்டியில் நான்கு மீனும் ஒரு மூலையில் ஒண்டியிருந்தன. பகை போனது அவற்றுக்கு இன்னும் தெரியவில்லை.

"அப்பா."

"என்னம்மா?"

"சட்டி மீன் பாசி தின்னும்னு சொன்னீங்க."

"பொய்ம்மா."

"அங்கம்மாக்கா வித்துட்டாங்களான்னு அன்னைக்கு நான் கேட்டேன். நீங்க தலைய ஆட்டினீங்க."

"அதுவும் பொய்."

அவள் கவுனை மடித்தாள். அங்கம்மா மடித்த மடிப்பு வரவில்லை. மறுபடி விரித்து மடித்தாள்.

"போறப்ப எனக்கு முத்தம் குடுக்கக் குனிஞ்சாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

தோமஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவனுடைய குற்றத்துக்கு ஏழு வயதுப் பிள்ளை வெட்கப்படுகிறாள். பதினோரு மாதமாக எதுவும் உறைக்காமல் மரத்துக் கிடந்த மனசில் அது போய்க் குத்தியது.

கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்த தகரப் பெட்டியை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் லீவுக்குத்தான் போறேனாப்பா?"

அடுப்படி வாசலில் வந்து நின்ற பியாட்ரிஸ், பிள்ளைக்குத் தெரியாமல் லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம், இப்போது சொல்லாதீர்கள் என்ற அசைவு. அவனுக்குப் பரிந்து அவள் எதையும் செய்து தோமஸ் பார்த்ததில்லை.

"இல்லம்மா" என்றான் அவன். "லீவுக்கு இல்ல. அங்கயே இருந்து படிக்கிறதுக்கு."

இன்பராணி அழவில்லை. கவுனைத் தரையில் வைத்தாள். பெட்டியை வெளியே இழுத்தாள். அது சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டது. அதன் முன் குந்தி, விரலை வாயில் வைத்து ஈரமாக்கி, மூடியில் எழுதியிருந்த தன் பெயரின் முதல் எழுத்தைத் தேய்த்தாள்.

"தம்பி, காலைல ஏழு மணிக்குப் பஸ்ஸு" என்றாள் பியாட்ரிஸ். குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை. "புள்ளைய என்ன செய்றது?"

சாடிக்குள் விரால் ஒருமுறை மோதியது. குழவி அசையவில்லை.

சாயம் காய்ந்துவிட்டிருந்தது. இன்பராணி மறுபடி விரலை நனைத்துக்கொண்டு தேய்த்தாள்.